சிலிண்டரில் காற்று நிரப்பித் தருபவர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம். சிலிண்டரை உங்களிடம் வைத்துவிட்டு "இன்னும் எவ்வளவு நேரமாகும்?" என்று நச்சரிக்கும், கடலுக்கடியில் நீந்தும் டைவர்களில் நானும் ஒருவன். அந்த நச்சரிப்பை இனி காதில் போட்டுக்கொள்ளாதீர்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

ஒருமுறை அப்படி அவசரப்படுத்தித்தான் வாங்கினேன். அழுத்தம் காட்டும் கேஜில் முள் 207 பாரில் நின்றது (பார் என்பது அழுத்தத்தின் அலகு). சிலிண்டரைத் தொட்டால் கை சுட்டது. மறுநாள் இறங்கும் முன் பார்த்தால் 180. யாரும் ஏமாற்றவில்லை. வேகமாக அடைத்தால் காற்று சூடாகும், ஆறியதும் அழுத்தம் இறங்கும். உள்ளே 65 டிகிரியில் 207 காட்டும் காற்று, 25 டிகிரிக்கு வந்தால் ஏறத்தாழ 180 பார்தான். நிமிடத்துக்கு 20 முதல் 40 பார் வரை என்பது பலரும் சொல்லும் வேகம். 20 பக்கமே இருங்கள், நான் காத்திருக்கிறேன்.

சூட்டைத் தணிக்கச் சிலர் தண்ணீர்த் தொட்டியில் நிறுத்தி நிரப்புகிறார்கள். சூடு கொஞ்சம் குறையும்தான். ஆனால் வால்வு வாயிலோ ஹோஸ் முனையிலோ ஒரு சொட்டுத் தண்ணீர் இருந்தால், அதுவும் காற்றோடு சேர்ந்து உள்ளே போய்விடும். ஸ்டீல் சிலிண்டரில் துரு இப்படித்தான் தொடங்குகிறது. மாட்டுவதற்கு முன் வால்வை ஒரு நொடி திறந்து 'புஸ்' என்று ஊதவிட்டு மூடுங்கள், ஹோஸையும் அப்படியே. வால்வு வாயில் காற்று கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்கை ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள். அழுத்தமே இல்லாமல் வரும் சிலிண்டரை அப்படியே நிரப்பாமல், உள்ளே தண்ணீர் புகுந்திருக்கிறதா என்று முதலில் பார்த்துவிடுங்கள்.

எனக்கு உண்மையில் பயம் தருவது கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுதான். வாசனையே கிடையாது. 30 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் 4 மடங்கு என்பதால், மேலே பத்து லட்சத்தில் 10 பங்கு இருந்தாலும் அங்கே 40 பங்கு போல வேலை செய்யும். காற்று திசை மாறினால், காற்றை அடைக்கும் கம்ப்ரஸரை ஓட்டும் இன்ஜினின் புகை, அது காற்றை உறிஞ்சும் குழாய்ப் பக்கம் வந்துவிடும். 'எங்களுடையது மின்சார மோட்டார்தானே' என்று சொல்லாதீர்கள். கம்ப்ரஸர் அளவுக்கு மீறிச் சூடானால் அதன் ஆயிலே சிதைந்து இதே வாயுவைக் கொடுக்கும். அதைக் கார்பன் டை ஆக்சைடாக மாற்ற ஃபில்டரில் இருக்கும் ஹாப்கலைட் என்ற வேதிப்பொருள், ஈரம் பட்டால் செத்துவிடும். அதனால் கம்ப்ரஸரில் தேங்கும் தண்ணீரை அவ்வப்போது வடித்துவிடுவதும் எங்கள் உயிர் சம்பந்தப்பட்டதுதான். ஃபில்டர் எத்தனை மணி நேரம் ஓடியது என்று எழுதும் நோட்டை நாங்கள் பார்க்கும்படி வையுங்கள். காற்றைச் சோதிக்கும் மீட்டர் ஒன்றும் இருந்தால் இன்னும் நிம்மதி.

அப்புறம், சிலிண்டரின் கழுத்தில் குத்தியிருக்கும் சோதனைத் தேதி. பல நாடுகளில் ஹைட்ரோ சோதனை (தண்ணீர் நிரப்பி அழுத்தம் கொடுத்துப் பார்ப்பது) 5 ஆண்டுக்கு ஒருமுறை, உள்பக்கம் பார்ப்பது ஆண்டுக்கு ஒருமுறை. தேதி தாண்டியிருந்தால் திருப்பி அனுப்புங்கள். நான் முகத்தைச் சுளித்தாலும் சரி. 6351 அலுமினியக் கலவையில் செய்த பழைய சிலிண்டர்கள் கழுத்தில் விரிசல் விட்டு, நிரப்பும்போதே வெடித்ததுண்டு. அந்த நேரத்தில் நான் வெளியே போனைப் பார்த்துக்கொண்டிருப்பேன். பக்கத்தில் நிற்பது நீங்கள்தான்.

அடுத்த முறை முந்தின நாளே சிலிண்டரைக் கொண்டுவந்து வைக்கிறேன். ஆறிய பிறகு கேஜ் வைத்துப் பார்த்து, குறைந்ததை மட்டும் மெதுவாக ஏற்றி வையுங்கள்.

இப்படிக்கு,
அவசரக்கார வாடிக்கையாளன் ஒருவன்