லாஜிக்கில் வாசித்ததைத் தாளில் இறக்குவது

அன்புள்ள மாப்பிள்ளை,

கடிதம் கிடைத்தது. பையன் வயலினில் எட்டாவது கிரேடு முடித்துவிட்டான் என்றதும் ரொம்ப சந்தோஷம். இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இப்போது சீரியலில் யார் என்ன கலர் புடவை என்று எனக்கே பாடம் எடுக்கிறார்.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். லாஜிக் என்ற ரெக்கார்டிங் சாஃப்ட்வேரில் கீபோர்டு வாசித்தே பாட்டு போட்டுப் பழகியவன், இசையைத் தாளில் எழுதித் தரும் நோட்டேஷன் சாஃப்ட்வேருக்கு மாறலாமா என்கிறாய். மாறாதே. ஆனால் ஏதாவது ஒன்றைக் கற்று வைத்துக்கொள். ஆள் வைத்து ஸ்டிரிங்ஸ் (வயலின், செல்லோ வகையறா) ரெக்கார்டிங் எடுக்கிற அன்றைக்கு அது வேண்டும்.

லாஜிக்கில் நீ வாசிப்பது மிடி என்ற தகவலாகத்தான் சேமிக்கப்படும். அதில் பதிவாவது எந்தக் கட்டையை எப்போது, எவ்வளவு வேகத்தில் அழுத்தினாய், எப்போது விட்டாய் என்பதுதான். தாளில் இருக்க வேண்டியதோ பார்த்த மாத்திரத்தில் வாசிப்பவனுக்குத் தேவையானது மட்டும். உன் ஸ்டிரிங்ஸையே எடுத்துக்கொள். சாம்பிள் ஒலியில் (முன்பே பதிவு செய்து வைத்த கருவி ஒலி) லெகாட்டோ, அதாவது நோட்டுகளை இழைத்து வாசிப்பது, தாமதமாகத்தான் எழும்பும் என்று நோட்டுகளை ஒரு 100 மில்லி செகண்ட் முன்னால் இழுத்து வைத்திருப்பாய். டெம்போ 120 என்றால் ஒரு பீட்டே 500 மில்லி செகண்ட்தான். 100 என்பது ஏறக்குறைய ஒரு சிக்ஸ்டீன்த், அதாவது கால் பீட். அந்த மிடியை அப்படியே சிபெலியஸ் என்ற நோட்டேஷன் சாஃப்ட்வேரில் இறக்கினால், முதல் பீட்டில் நிற்க வேண்டிய நோட்டு முந்தைய பாரின் (தாளக் கட்டத்தின்) வாலில் ஒட்டிக்கொண்டு, இரண்டு நோட்டை இணைக்கிற டை என்ற வளைகோடும் போட்டுக்கொண்டு வரும். வாசிப்பு முறையை மாற்றுகிற கீ-ஸ்விட்சுக்காக அழுத்திய அடிக்கட்டைகளும் நிஜ நோட்டு மாதிரியே கீழே தொங்கும்.

நம் ராகங்களில் இன்னொரு வம்பு. சி-யில் ஷட்ஜம் வைத்துக்கொள். நாட்டையின் ஷட்சுருதி ரிஷபமும் கரகரப்பிரியாவின் சாதாரண காந்தாரமும் ஒரே கறுப்புக் கட்டை. மிடிக்கு இரண்டுமே 63. தாளில் முதலாவது டி ஷார்ப், இரண்டாவது ஈ ஃப்ளாட். சாஃப்ட்வேர் ஊகித்து எதையாவது போடும். நாட்டையில் ஈ ஃப்ளாட்டும் ஈ நேச்சுரலும் மாறி மாறி வந்தால் வயலின்காரர் முகம் எப்படிப் போகும் என்று உனக்குத் தெரியும். பிட்ச் பெண்டில் நீ இழைக்கிற கமகமோ தாளுக்கு வரவே வராது. மொட்டையாக ஒரு நோட்டு நிற்கும்.

டோரிகோ என்ற இன்னொரு நோட்டேஷன் சாஃப்ட்வேர் கொஞ்சம் பரவாயில்லை. சிபெலியஸ் செய்த பழைய ஆட்களே ஸ்டைன்பெர்க் கம்பெனிக்குப் போய் 2016-இல் கொண்டுவந்தது. எழுதிய நீளம் வேறு, ஒலிக்கிற நீளம் வேறு என்று தனித்தனியாக வைத்துக்கொள்ளும். நோட்டுகளைப் பட்டைகளாகக் காட்டும் பியானோ ரோலும் உள்ளேயே உண்டு. லாஜிக் மாதிரியே ரெக்கார்டிங் சாஃப்ட்வேரான கியூபேஸ் 14-இன் ஸ்கோர் எடிட்டரும் டோரிகோவை வைத்துச் செய்ததுதான். நீ லாஜிக் ஆள், உனக்கு அதனால் லாபமில்லை. ஃபினாலே என்ற பழைய நோட்டேஷன் சாஃப்ட்வேர் பற்றி நினைக்கவே வேண்டாம். 1988-இலிருந்து இருந்ததை 2024 ஆகஸ்டில் நிறுத்திவிட்டார்கள். எதில் எழுதினாலும் மற்ற நோட்டேஷன் சாஃப்ட்வேரிலும் திறக்கிற மியூசிக் எக்ஸ்எம்எல் ஃபைலாக ஒரு பிரதி எடுத்து வை.

நான் செய்வது இதுதான். மிக்ஸ் போகிற ப்ராஜெக்ட்டைத் தொடுவதில்லை. காப்பி எடுத்து, முன்னால் இழுத்ததைப் பின்னால் தள்ளி, முழுசாகக் குவாண்டைஸ் செய்து (நோட்டுகளைத் தாளத்துக்கு நேராக நிறுத்தி), கீ-ஸ்விட்சை அழித்து, மூன்று லேயரில் இருக்கும் ஒரே லைனை ஒன்றாக்கிய பிறகுதான் மிடி எடுப்பேன். எட்டு பார் என்றால் அந்தத் தலைவலியே வேண்டாம், கையால் ஒவ்வொரு நோட்டாகப் போட்டுவிடலாம், சீக்கிரம் முடியும். கீபோர்டின் மாட் வீல் என்ற சக்கரத்தில் நீ ஏற்றி இறக்கியதைப் பார்த்துக் கிரெஷெண்டோவையும் (ஒலி படிப்படியாகக் கூடுவதற்கான குறி) கையால்தான் எழுத வேண்டும். போவிங் (வில்லை எந்தப் பக்கம் இழுப்பது) விஷயத்தை வாசிக்கிறவர்களிடமே விட்டுவிடு, நம்மைவிட நன்றாகப் போடுவார்கள். பார் நம்பர் மட்டும் லாஜிக்கிலும் தாளிலும் ஒன்றாக இருக்கட்டும். "23-இலிருந்து ஒன்ஸ் மோர்" என்றால் எல்லோரும் ஒரே இடத்தில் ஆரம்பிக்க வேண்டும், ஸ்டுடியோ மீட்டர் ஓடிக்கொண்டிருக்கும்.

இதற்கெல்லாம் மியூஸ்ஸ்கோர் என்ற நோட்டேஷன் சாஃப்ட்வேர் போதும், இலவசம். நாளைக்கே லைவ் ஆர்கெஸ்ட்ராவுக்கு எழுதச் சொல்லி யாராவது கூப்பிட்டால், அப்போது முதலிலிருந்தே தாளில் யோசி, டோரிகோ வாங்கு.

அந்த ஸ்டிரிங்ஸ் பகுதியின் மிடியை மட்டும் அனுப்பு, முதல் தடவை வாசிப்பவர்களுக்கான தனித்தனி பார்ட் தாளை நானே போட்டுத் தருகிறேன். டெம்போவையும் எத்தனை வயலின் வருகிறது என்பதையும் மறக்காமல் எழுது.

அன்புடன்,
உன் பழைய கீபோர்டுக்காரன்