எனிட் பேசிய பக்கங்கள்: பாடத்திட்டக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

முதுகலை ஆங்கில இலக்கியப் பாடத்திட்டக் குழுவினருக்கு,

வணக்கம். போன பருவ வினாத்தாளில் 'எரெக்கின் வீரப் பயணத்தை விவரி' என்று 15 மதிப்பெண் கேள்வி. அவன் மனைவி எனிட் பற்றி ஒரு வரி இல்லை. வகுப்பில் பாதி நேரம் அவளைப் பற்றியே பேசிய எனக்கு மனசு ஆறவில்லை.

'எரெக்கும் எனிடும்', கவிஞர் கிரெத்தியன் த ட்ருவா 1170 வாக்கில் பழைய பிரெஞ்சில் பாடிய கதை. கல்யாண மயக்கத்தில் எரெக் வாளை மறந்துவிடுகிறான். ஊர் பழிப்பது எனிட் காதில் விழுகிறது. ஒரு காலை, தூங்கும் கணவன் பக்கத்தில் கிடந்து புலம்புகிறாள். கண்ணீர் அவன் மார்பை நனைக்கிறது. விழித்தவன் விஷயத்தைக் கறந்துவிடுகிறான். உடனே தண்டனை: குதிரையேறி முன்னால் போ, நானாகப் பேசாதவரை நீ வாய் திறக்கக் கூடாது.

மூன்று கள்வர்களை முதலில் பார்ப்பது அவள்தான். சொன்னால் சீறுவான், சொல்லாவிட்டால் செத்துப்போவான். இந்தத் தவிப்பைக் கவிஞர் அவசரப்படாமல், அவள் வாய்மொழியாகவே நடத்துகிறார். பேசப் பயந்து சும்மா இருக்கும் அளவுக்குக் கோழையாக மாட்டேன் என்று தீர்மானித்துச் சொல்லிவிடுகிறாள். திட்டுதான் கிடைக்கிறது. அப்புறம் ஐந்து பேர் வருகிறார்கள். மறுபடி அதே போராட்டம், மறுபடி பேச்சு.

லிமோரில் எரெக் செத்துவிட்டதாக நினைத்துக் கிடத்தியிருக்கிறார்கள். அந்த ஊர்ப் பிரபு அவளைக் கட்டாயக் கல்யாணம் செய்துகொண்டு, சாப்பிடு என்கிறான். என் கணவர் சாப்பிடாமல் நான் தொடமாட்டேன் என்கிறாள். கன்னத்தில் அறைகிறான். அடித்தாலும் உன்னவள் ஆகமாட்டேன் என்று கத்துகிறாள், இன்னொரு அறை. அந்தச் சச்சரவுக்கு நடுவில்தான் எரெக்குக்கு நினைவு திரும்புகிறது. கடைசியில் அவன், நீ சொன்னதை மன்னித்தேன் என்கிறான். எதை மன்னித்தான் என்று ஒரு மாணவி கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை.

இதெல்லாம் ஓர் ஆண் எழுதியதுதானே என்பீர்கள். சரி, உண்மைதான். ஆனாலும் இவள் யோசிப்பது, பயப்படுவது, முடிவெடுப்பது எல்லாம் நம் கண்முன் நடக்கிறது. 'கணவனின் சோதனையில் தேறிய பொறுமைசாலி மனைவி' என்று எழுதும் கைடு புத்தகங்கள் வாய் திறந்தவளை ஊமையாக்கிவிடுகின்றன.

அடுத்த திருத்தத்தில் அந்தப் படுக்கையறைப் புலம்பலையும் லிமோர் விருந்தையும் கட்டாயப் பகுதியாகச் சேருங்கள். 15 மதிப்பெண்ணில் எட்டு எனிடுக்குப் போகட்டும்.

இப்படிக்கு,
இந்தத் தாளை நடத்தும் ஓர் ஆசிரியர்