67 யூனிட்

தம்பி,

அப்பா எழுதுவது. இங்கு எல்லோரும் சௌக்கியம். அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான். நேற்று சம்பந்தி வீட்டுக்குப் போய் மருமகளைப் பார்த்துவிட்டு வந்தோம். கால் கொஞ்சம் வீங்கியிருக்கிறது. ஒன்பதாம் மாதத்தில் அப்படித்தான் என்கிறாள் அம்மா. நான் விடவில்லை, பிரஷர் பார்க்கச் சொன்னேன். பார்த்தார்கள், சரியாக இருக்கிறது. மாப்பிள்ளை ஒருநாள் வந்து எட்டிப் பார்க்கக் கூடாதா என்று சம்பந்தி கேட்டார். வேலை என்று சொல்லிவைத்தேன். எத்தனை தடவைதான் சொல்வது?

உன் வீட்டு ஈபி மெசேஜ் இன்னும் என் போனுக்குத்தான் வருகிறது. போன முறை 214 யூனிட். இந்த முறை 270. வளைகாப்பு முடிந்து அவள் அம்மா வீட்டுக்கு வந்து இரண்டு மாதம் ஆகிறது. கிரைண்டர் ஓடியிருக்காது, வாஷிங் மெஷின் வாரம் ஒருமுறை ஓடினால் அதிகம். நியாயமாகப் பார்த்தால் குறைந்திருக்க வேண்டும்.

பணத்துக்காகச் சொல்லவில்லை. 34 வருஷம் லைன்மேனாக இருந்தவனுக்கு யூனிட்டைப் பார்த்தால் கணக்குப் போடாமல் இருக்க முடியவில்லை. நாலு டியூப்லைட், ஒன்று 20 வாட். டிவிக்கு 60 வைத்துக்கொள். மொத்தம் 140. ராத்திரி எட்டு மணி நேரம், 60 நாள். 67 யூனிட் வருகிறது. கிரைண்டர் ஓடாததைக் கழித்தால், கூடியிருக்கிற 56-க்குச் சரியாக வருகிறது, தம்பி.

நேரத்துக்குத் தூங்கு. மல்லாந்து படுக்காதே.

போனிலேயே கேட்கலாம் என்று இரண்டு தடவை ஆரம்பித்தேன். நீ “சொல்லுங்கப்பா” என்றதும், அங்கே மழை உண்டா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். 29 வயசு ஆள், உனக்குக் கீழே பதினைந்து பேர் வேலை பார்க்கிறார்கள். உன்னிடம் எப்படிக் கேட்பது?

காலேஜில் படிக்கும்போது, நெஞ்சில் யாரோ ஏறி உட்கார்கிறார்கள், கண் திறந்திருக்கிறது, கை கால் அசையவில்லை என்று அம்மாவிடம் சொன்னாயே. அமுக்குவான் பேய் என்று தாயத்து கட்டினோம். இப்போதும் வருகிறதா? போன வாரம் திருவாரூர் மெடிக்கல் காலேஜில் மனநல ஓபிக்குப் போனேன். சிநேகிதர் பையனுக்கு என்று சொல்லித்தான் கேட்டேன். அந்த டாக்டரம்மா சிரிக்கவில்லை. கனவு வரும் தூக்கத்தில் உடம்பை அசையவிடாமல் மூளை கட்டிவைக்கிறதாம், கனவில் ஓடுகிறவன் நிஜமாகவே எழுந்து ஓடிவிடக் கூடாதே. சில நேரம் கட்டு அவிழும் முன் நினைவு மட்டும் விழித்துக்கொள்கிறது. எனக்குச் சட்டென்று பிடிபட்டது. லைனில் ஆள் ஏறும்போது எல்.சி., அதாவது லைன் கிளியர் வாங்கி, அந்த லைனுக்குச் சப்ளை தரும் ஃபீடரை ஆஃப் பண்ணி வைப்போமே, அதுதான். எல்.சி. ரிட்டர்ன் ஆகி லைனில் கரண்ட் விடும் முன்னால் நீ முழித்துக்கொள்கிறாய். சில விநாடி, மிஞ்சினால் ஓரிரு நிமிஷம், தானாக சப்ளை வந்துவிடும். பக்கத்தில் ஆள் நிற்பதுபோலத் தெரிவது கனவின் மிச்சம். தூக்கம் கெட்டால் அதிகம் வருமாம், மல்லாந்து படுத்தாலும் வருமாம். நீயோ அதற்குப் பயந்துகொண்டு தூங்காமல் கிடக்கிறாய்.

அப்புறம் அந்த விளக்குகள். போட்டதும் பயம் குறைகிறதே, அதுதான் சிக்கலாம். விளக்குதான் காப்பாற்றியது என்று மனசு எழுதி வைத்துக்கொள்கிறது, அடுத்த ராத்திரி இன்னொரு விளக்கு கேட்கிறது. முதலில் அடுப்படி விளக்கை மட்டும் அணை. பயம் ஏறும், ஏறட்டும். எழுந்து போய்ப் போடாமல் இருந்தால் கொஞ்ச நேரத்தில் தானாக இறங்கும். அது பழகிய பிறகு ஹால். ஒரேயடியாக எல்லாவற்றையும் அணைக்கக் கூடாது. கோவையில் டாக்டர்கள் இருக்கிறார்கள். போகக் கூச்சமாக இருந்தால் 14416, அரசாங்க நம்பர், தமிழிலேயே பேசுவார்கள், காசு கிடையாது. முதலில் நேரத்துக்குத் தூங்கு. மல்லாந்து படுக்காதே.

ஒரேயடியாக என்று எழுதிவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். நெல் கொட்டி வைக்கும் பத்தாய அறை உனக்கு மறந்திருக்காது.

உனக்கு ஏழு வயசு. கொல்லைக்குப் போகத் துணை கேட்டு அழுதாய் என்று உள்ளே தள்ளித் தாழ்ப்பாள் போட்டேன். ஆம்பளப் பிள்ளைக்கு என்னடா பயம் என்று கத்தினேன். அம்மா வந்து திறக்க அரை மணி நேரம் ஆகியிருக்கும். அதற்குள் அழுகையை நிறுத்திவிட்டாய். பயம் தெளிந்துவிட்டது என்று அன்றைக்குப் பெருமைப்பட்டேன். டாக்டரம்மாவிடம் இதைச் சொல்லவில்லை. சிநேகிதர் பையன் கதையில் இதை எங்கே சேர்ப்பது?

உனக்குத் தெரியாதது ஒன்று இருக்கிறது. சுடுகாட்டு டிரான்ஸ்பார்மருக்கு ராத்திரியில் ஃபியூஸ் போட நான் ஒருநாளும் தனியாகப் போனதில்லை. கோட்டூர் மாமாவை எழுப்பிக் கூட்டிப்போவேன். அவரை அனுப்பிவிட்டு ரோட்டில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். மார்கழிப் பனியில் இன்சுலேட்டரில் நீலமாகப் பொறி ஓடும், உஸ்ஸென்று சத்தம் வரும். அழுக்கிலும் ஈரத்திலும் கரண்ட் கசிகிறது என்று புதுப் பையன்களுக்குச் சொல்லிக்கொடுத்தவனே நான்தான். தெரிந்தும் கால் நடுங்கும். மாமா கடைசிவரை யாரிடமும் சொல்லவில்லை. நீ துணை கேட்டு அழுதபோது, உன்னை வைத்து என் பயம் ஊருக்குத் தெரிந்துவிடும் என்று நினைத்தேன். அவ்வளவுதான் காரணம்.

2018 நவம்பர் 16, கஜா புயல். ஓடு பறக்கிற இருட்டில் தாத்தாவைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு ஓடியது நீ. முனீஸ்வரன் திடலைத் தாண்டித்தான் போயிருக்கிறாய், வேறு வழி ஏது? நான் சப்ஸ்டேஷனில் இருந்தேன். வீட்டுக்கு வந்ததும், செருப்பை எங்கே தொலைத்தாய் என்றுதான் கேட்டேன். வேறொன்றும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை ராத்திரி செம்மொழி எக்ஸ்பிரஸில் ஏறுகிறேன். ஒரு வாரம் இருப்பேன். கண் டாக்டரைப் பார்க்க என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன், நீயும் அப்படியே சொல். ஈபி பில்லைக் கட்டிவிட்டேன். முதல் ராத்திரி அடுப்படி விளக்கை நான் அணைக்கிறேன். பாத்ரூம் விளக்கு எரியட்டும், எனக்கு வேண்டும்.

அப்பா