கால் எடுத்தும் எழும்பாத கிளட்ச்

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

"மிதிச்சா கீழேயே படுத்துக்குதுப்பா, கால் விரலை அடியில விட்டுத் தூக்க வேண்டியிருக்கு" என்று நேற்று நீ சொன்னதும் என் பழைய வண்டிதான் ஞாபகம் வந்தது. இதே கோளாறுக்கு அப்போது கியர் பாக்ஸையே இறக்கி, கிளட்சின் உள்பாகங்களான கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் மாற்றினார்கள். மறுநாளே பெடல் மறுபடி படுத்துக்கொண்டது. கடைசியில் பார்த்தால், பெடல் தொங்கும் அச்சைச் சுற்றியிருக்கும் சின்ன வளையமான புஷ் காய்ந்து, துரு ஏறி இறுகியிருந்தது. துடைத்துக் கொஞ்சம் கிரீஸ் வைத்ததும் சரியாகிவிட்டது. அதனால் யாராவது "செட்டையே மாத்திடலாம்" என்றால் உடனே தலையாட்டாதே. எங்கே ஒட்டுகிறது என்று முதலில் நீயே பார்.

சிரிக்காதே, முதலில் கால்மிதியைப் பார். அது நகர்ந்து பெடலுக்கு அடியில் மடங்கிக் கிடந்தாலும் இப்படித்தான் ஆகும்.

அப்புறம் இன்ஜினை அணைத்து, ஹேண்ட் பிரேக் போட்டுவிட்டு, குனிந்து பெடலைக் கையால் மெதுவாக அழுத்து. ஷூ போட்ட காலுக்குத் தெரியாதது கைக்குத் தெரியும். மேலே அச்சுப் பக்கம் கிறீச்சென்றால் புஷ்ஷோ, பெடலை மேலே இழுக்கும் ஸ்பிரிங்கோதான். டார்ச் அடித்துப் பார்த்தால் ஸ்பிரிங் கழன்றிருப்பதுகூடத் தெரியும். உன் வண்டி, பெடல் கம்பியை இழுத்துக் கிளட்சை இயக்கும் கேபிள் வகையாக இருந்து, ஒரே இடத்தில் நறநறவென்று பிடித்தால், உள்ளே கம்பி இழைகள் பிரிய ஆரம்பித்துவிட்டன. அதற்கு எண்ணெய் விட்டுப் பயனில்லை, கேபிளை மாற்ற வேண்டியதுதான்.

ஆயிலில் இயங்கும் வகை என்றால் போனட்டைத் திற. பல கார்களில் பிரேக்குக்கும் கிளட்சுக்கும் ஒரே ஆயில் டப்பாதான். மட்டம் குறைந்திருந்தால் எங்கோ ஒழுகலாம். அது பிரேக்கையும் பாதிக்கும், அந்த நிலையில் வண்டியை எடுக்காதே. பெடலுக்குப் பின்னால் கார்பெட்டைத் தொட்டுப் பார். ஆயில் ஈரமாக இருந்தால், பெடல் பக்கம் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் ஒழுகுகிறது. அது காய்ந்திருந்து, கியர் பாக்ஸுக்கு அடியில் சொட்டியிருந்தால் பெரும்பாலும், அந்த அழுத்தத்தை வாங்கிக் கிளட்சைத் தள்ளும் ஸ்லேவ் சிலிண்டர். ஒழுகலே இல்லாமல் பெடல் மெத்தை மாதிரி அமுங்கி, ஐந்தாறு முறை வேகமாக மிதித்ததும் கெட்டியாகி மேலே வந்தால், பைப்பில் காற்று பிடித்திருக்கலாம், அல்லது மாஸ்டர் சிலிண்டரின் உள் ரப்பர் தேய்ந்திருக்கலாம். காற்று என்றால் பிளீட் செய்தாலே, அதாவது அந்தக் காற்றை வெளியேற்றினாலே தீர்ந்துவிடும்.

ஆயிலின் நிறத்தையும் பார். புதிது வெளிர் தேன் நிறத்தில் இருக்கும். பழசு டிகாக்‌ஷன் மாதிரி கறுத்துவிடும். அது காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். 2 வருடத்துக்கு ஒரு முறை மாற்றுவது நல்லது. டப்பா மூடியில் டாட் 3 என்றோ டாட் 4 என்றோ ஆயிலின் தரம் போட்டிருக்கும், அதையே வாங்கு. அவசரத்துக்கு என்று இன்ஜின் ஆயிலை மட்டும் ஊற்றிவிடாதே, உள்ளே இருக்கும் ரப்பரெல்லாம் ஊதிக் கெட்டுவிடும். கிளட்ச் ஆயில் பெயின்ட் மேல் சிந்தினால் பெயின்ட்டை அரித்துவிடும், உடனே தண்ணீர் விட்டுக் கழுவு.

இதெல்லாம் சரியாக இருந்தும் பெடல் ஒட்டினால், பெடலையும் அது தள்ளுகிற ராடையும் பிரித்துப் பார்க்கச் சொல். தனியாக இருக்கும்போது பெடல் லேசாக அசைந்தால் கோளாறு அதற்கு அப்பால்தான். மிதிக்கும்போது மட்டும் கீழே கர்கர் என்று சத்தம் வந்தால் ரிலீஸ் பேரிங்கைச் சந்தேகப்படலாம். அப்போது கியர் பாக்ஸை இறக்குவதில் நியாயம் இருக்கிறது.

அதுவரை விரலால் தூக்கித் தூக்கி ஓட்டுகிற வேலை வேண்டாம், கண்ணம்மா. நெரிசலில் ஒரு நொடி கவனம் காலடிக்குப் போனால் போதும், முன்னால் இருப்பவன் மேல் மோதிவிடுவாய்.

சனிக்கிழமை பகல் வெளிச்சத்தில் பார்த்துவிட்டுப் போன் பண்ணு. ஆயில் என்ன நிறம், கார்பெட் ஈரமா என்று மட்டும் சொல். எதை மாற்றுவது என்று அப்புறம் பேசுவோம்.

அன்புடன்,
அப்பா