சேகருக்கு, கோர்ட்டுக்குப் போவதற்கு முன்

அன்புள்ள சேகர்,

இத்தனை நாள் கடிதம் போடாததற்கான திட்டை நேரில் வாங்கிக்கொள்கிறேன். பாலு போன் செய்தான். புது ஹார்ட் டிஸ்க் விஷயமாக நீ கடைக்காரர் மேல் நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகிறாயாம். வக்கீலுக்கு முன்பணம் கொடுப்பதற்குள் இதைப் படித்துவிடு.

பாலு சொன்னதை வைத்து உன் புகாரை நான் புரிந்துகொண்டது இப்படி. பெட்டியில் 4 டிபி என்று போட்டிருக்கிறது. ஸ்டுடியோவில் இருக்கும் விண்டோஸ் கம்ப்யூட்டர் 3.63 டிபி என்கிறது. அதையே மருமகனின் மேக்கில் செருகினால் முழுசாக 4 டிபி. ஆகவே விண்டோஸ் 370 ஜிபியைத் தின்றுவிட்டது என்பது உன் கட்சி. ‘ஃபார்மட் பண்ணா கொஞ்சம் போகத்தான் சார் செய்யும்’ என்பது கடைக்காரர் கட்சி. இரண்டுமே தப்பு. உன்னை மன்னிக்கலாம், கேமராதான் உன் தொழில். டிஸ்க்கை விற்கிறவர் காலம்காலமாக இதையே ஒப்பிப்பதுதான் எரிச்சல்.

டிஸ்க்கின் மேல் ரைட் கிளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸைத் திற. கெப்பாசிட்டி என்ற வரியில் இரண்டு எண்கள் இருக்கும். ஓரத்தில் 3.63 டிபி, அதற்கு முன்னால் பைட்டுக் கணக்கில் நீளமாக ஒன்று. நீ நம்ப வேண்டியது அந்த நீள எண்ணைத்தான். ஒரு டிபி என்று கம்பெனி சொல்வது ஒரு லட்சம் கோடி பைட்டு. உன் நீள எண் 4 லட்சம் கோடிக்கு மேல் இருந்தால் காசுக்கு ஏற்ற சரக்கு வந்துவிட்டது. இருக்கும், பார். 4 டிபி டிஸ்க்கில் வழக்கமாக 7,81,40,37,168 செக்டர்கள், அதாவது டிஸ்க் எழுதிப் படிக்கும் சின்னத் துண்டுகள். ஒரு செக்டருக்கு 512 பைட்டு. பெருக்கினால் 40,00,78,70,30,016. சொன்னதைவிட 78 கோடி பைட்டு கூடவே! தாராள மனசு என்று நினைக்காதே. ஒரு கம்பெனி டிஸ்க் போனால் இன்னொரு கம்பெனி டிஸ்க்கை அந்த இடத்தில் மாட்ட வேண்டுமே, அதற்காகத் தொழில்துறையினர் எல்லாரும் ஒரே சூத்திரத்தில் செக்டர் எண்ணிக்கையை வகுத்துக்கொண்டிருக்கிறார்கள். நீ பார்ப்பது இதைவிடச் சில கோடி குறைவாக இருக்கலாம், அது பார்ட்டிஷன் போட்டதில், அதாவது டிஸ்க்கைப் பகுதி பிரித்ததில் போனது.

இந்த எண்ணை மேக் ஒரு லட்சம் கோடியால் வகுக்கிறது, 4 வருகிறது. 2009-இல் வந்த 10.6 பதிப்பிலிருந்து ஆப்பிள் இப்படித்தான் செய்கிறது. விண்டோஸ் 1024-ஐ நான்கு முறை பெருக்கி வரும் 10,99,51,16,27,776-ஆல் வகுக்கிறது. வருவது 3.638. கடைசி இலக்கத்தை வெட்டி 3.63 என்று காட்டுகிறது. களத்தில் சின்னப் படியால் அளந்த நெல்லை வீட்டில் பெரிய படியால் அளந்தால் படி எண்ணிக்கை குறையும், நெல் குறையாது. விண்டோஸ் செய்யும் ஒரே தப்பு, பெரிய படிக்கும் சின்னப் படியின் பெயரையே எழுதி வைப்பது. 1024 கணக்குக்கென்று டெபிபைட் முதலான தனிப் பெயர்களைச் சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம் 1998-லேயே கொடுத்துவிட்டது. மைக்ரோசாஃப்ட் காதில் வாங்கவில்லை.

உனக்கு இன்னும் சமாதானம் ஆகாது, தெரியும். கேமரா கார்டை எடு. 64 ஜிபி கார்டு விண்டோஸில் 59 சொச்சம்தான் காட்டும். அதுவும் பெரிய படியில்தானே அளக்கப்படுகிறது. பெட்டிக் கணக்கில் 4000-ஐ 64-ஆல் வகுத்தால் அறுபத்திரண்டரை கார்டு. விண்டோஸ் கணக்கில் 3726-ஐ (3.638 சொச்சத்தை 1024-ஆல் பெருக்கினால் வரும் ஜிபி) 59.6-ஆல் வகுத்தாலும் அதே அறுபத்திரண்டரை. எந்தக் கம்ப்யூட்டரில் செருகினாலும் ஒரு கல்யாணம்கூடக் குறையப்போவதில்லை.

ஃப்ளாப்பி காலத்தில் இந்தச் சண்டை ஏன் வரவில்லை என்று கேட்பாய். கேபியில் வித்தியாசம் 2.4 சதவீதம்தான். எம்பியில் அது 4.9, ஜிபியில் 7.4, டிபியில் பத்தைத் தொடுகிறது. படி ஏற ஏற இடைவெளியும் ஏறுகிறது. ஃப்ளாப்பி இன்னும் வேடிக்கை. 80 ட்ராக், 2 பக்கம், 18 செக்டர், 512 பைட்டு: மொத்தம் 14,74,560. பத்து லட்சத்தால் வகுத்தால் 1.47, 1024-ஐ இரண்டு முறை பெருக்கி வகுத்தால் 1.41. அட்டையில் போட்ட 1.44 எம்பி இந்த இரண்டு கணக்கிலும் வராது. ஒரு தடவை 1024, ஒரு தடவை 1000 என்று கலந்து வகுத்திருக்கிறார்கள். பாலுவின் மெஸ் கணக்கு மாதிரி என்று நான் சொல்லவில்லை, நீயே சொல்லிக்கொள்.

1024 கணக்கு கம்ப்யூட்டரின் தற்காலிக நினைவகமான ராமுக்குப் பொருந்தும். முகவரிக் கம்பி ஒன்று கூடினால் இடம் இரட்டிப்பாகும், ஆகவே ராம் இரண்டின் அடுக்கில்தான் வளரும். டிஸ்க்குக்கு அந்தக் கட்டாயம் கிடையாது. 1956-இல் ஐபிஎம் முதல் டிஸ்க் டிரைவைக் கொண்டுவந்தபோதே அதன் கொள்ளளவு 50 லட்சம் எழுத்து, சாதாரணப் பத்தின் கணக்கு.

கடைக்காரரின் ‘ஃபார்மட்’ கதைக்கு வருகிறேன். உன் டிஸ்க்கில் விண்டோஸின் கோப்பு முறையான என்டிஎஃப்எஸ் போட்டால் உண்மையில் போவது இவ்வளவு: எந்தப் பார்ட்டிஷன் எங்கே என்று குறிக்கும் ஜிபிடி அட்டவணைக்கு டிஸ்க்கின் முன்னும் பின்னும் சேர்த்து 34 கேபி சுமார். மைக்ரோசாஃப்ட் ஒதுக்கும் பார்ட்டிஷன் 16 எம்பி. எந்த இடம் காலி என்று குறித்துவைக்கும் வரைபடம் 120 எம்பி சொச்சம். மாற்றங்களைக் குறித்துவைக்கும் லாக் 64 எம்பி. எல்லாம் சேர்ந்து நாலு கல்யாண வீடியோ டிரெய்லர் தேறாது. 370 ஜிபியை இதன் தலையில் கட்டுவது அநியாயம். லினக்ஸின் கோப்பு முறையான இஎக்ஸ்டி4 மட்டும் விதிவிலக்கு. அது கோப்பு அட்டவணைக்கே ஒன்றரை சதவீதம் எடுக்கும். போதாததற்கு ரூட் என்ற நிர்வாகப் பயனருக்கென்று 5 சதவீதம், உன் டிஸ்க்கில் 200 ஜிபி, ஒதுக்கி வைக்கும். சந்துரு லினக்ஸ் போட்டுத் தருவதாகச் சொல்லியிருந்தால், டியூன்2எஃப்எஸ் கட்டளையால் அந்த ஐந்தை ஒன்றாக்கச் சொல். போட்டோ மட்டும் வைக்கிற டிஸ்க்குக்கு அது போதும்.

கோர்ட் விஷயம். அமெரிக்காவில் இதே புகாரோடு வழக்கே போட்டார்கள். 2006-இல் வெஸ்டர்ன் டிஜிட்டல் சமரசத்துக்கு வந்தது, வாங்கியவர்களுக்குக் கிடைத்தது பேக்கப் சாஃப்ட்வேர். 2007-இல் சீகேட் விலையில் 5 சதவீதமோ சாஃப்ட்வேரோ தருவதாக ஒத்துக்கொண்டது. உன் பெட்டியின் பின்பக்கத்தில் எறும்பு எழுத்தைப் பார். 1 டிபி என்றால் எத்தனை பைட்டு என்று போட்டிருப்பார்கள். அதைக் காட்டினால் உன் வக்கீலே எழுந்து போய்விடுவார்.

சரி, உன்னிடம் நிஜமாகவே இடம் வீணாகும் இடங்கள் இருக்கின்றன. மேக், விண்டோஸ் இரண்டிலும் எழுத முடிகிறது என்றால் டிஸ்க் இரண்டுக்கும் பொதுவான எக்ஸ்ஃபேட் கோப்பு முறையில் இருக்கும். 32 ஜிபிக்கு மேற்பட்ட டிஸ்க்கை விண்டோஸ் எக்ஸ்ஃபேட்டாக ஃபார்மட் செய்தால், நீ மாற்றாதவரை ஒரு கிளஸ்டர், அதாவது ஒரு கோப்புக்கு ஒதுக்கும் மிகச் சிறிய இடம், 128 கேபி. 8 கேபி கோப்பும் 128 கேபியைப் பிடித்துக்கொள்ளும். 25 எம்பி போட்டோவுக்கு இது தூசு. ஆனால் எடிட்டிங் சாஃப்ட்வேர் ஒவ்வொரு படத்துக்கும் பக்கத்தில் போடும் குட்டிக் கோப்பும் ப்ரிவியூவும் ஒரு லட்சம் சேர்ந்தால், 1 ஜிபிகூட வராத சரக்கு 13 ஜிபியை அடைத்துவிடும். ஃபோல்டர் ப்ராப்பர்ட்டீஸில் சைஸ், சைஸ் ஆன் டிஸ்க் என்ற இரண்டையும் ஒப்பிட்டுப் பார். பெரிய இடைவெளி இருந்தால் ப்ரிவியூக்களைக் கம்ப்யூட்டரிலேயே வைத்துக்கொள், படங்களை மட்டும் டிஸ்க்குக்கு அனுப்பு. மேக் தொடவே தொடாது என்றால் என்டிஎஃப்எஸ், 4 கேபி கிளஸ்டர்.

அடுத்தது உன் பழைய 3 டிபி. அது 2 டிபியாக ‘சுருங்கிய’ கதையை எல்லாரிடமும் சொல்கிறாய். டிஸ்க் மேனேஜ்மென்டைத் திறந்தால் 746 ஜிபி அன்அலொகேட்டட் என்று கறுப்புப் பட்டையோடு தெரியும். அதில் இருப்பது ஜிபிடிக்கு முந்திய பழைய எம்பிஆர் அட்டவணை. அதில் செக்டர் எண்ணுக்கு 32 பிட்தான், 512 பைட்டு செக்டரில் விண்டோஸ் கணக்குப்படி 2 டிபியோடு அது நின்றுவிடும். ஜிபிடிக்கு மாற்றினால் முழுசும் வரும். ஆனால் டிஸ்க் மேனேஜ்மென்ட் வழியாக மாற்ற எல்லாப் பார்ட்டிஷனையும் அழிக்க வேண்டும். முதலில் காப்பி, பிறகு கன்வெர்ட். அதேபோல, யுஎஸ்பி பெட்டிக்குள்ளிருந்த டிஸ்க்கைக் கழற்றி நேராகக் கம்ப்யூட்டரில் மாட்டினால் சில சமயம் ‘ஃபார்மட் செய்யவா’ என்று கேட்கும். சில பெட்டிகள் செக்டர் அளவை 4096 என்று மாற்றிச் சொல்வதால் வருவது அது. ஓகே கொடுத்துத் தொலைக்காதே. பழைய பெட்டியிலேயே திரும்ப மாட்டினால் எல்லாம் இருக்கும்.

இப்போது விளையாட்டை விடு. சில நூறு ரூபாய்க்கு ‘16 டிபி’ பென்டிரைவ் ஒன்று வாங்கி, குப்புசாமி வீட்டுக் கல்யாணத்தை அதில் போட்டு வைத்திருக்கிறாயாமே. சேகர், உன்னுடைய நேர்மையான 3.63-ஐ விட்டுவிட்டு நீ கோபப்பட வேண்டியது அந்தப் பொருள் மேல். உள்ளே இருக்கும் கன்ட்ரோலர் சிப் பொய்யான அளவைச் சொல்லும்படி எழுதப்பட்டிருக்கும். விண்டோஸ் அதை அப்படியே நம்பிக் காட்டும். 32 ஜிபியோ 64-ஓ நிஜமாக இருக்கும், அதைத் தாண்டி எழுதுவது பழையதன் மேலேயே விழும் அல்லது எங்கும் போகாது. காப்பி முடிந்தது என்று சொல்லும். கோப்புப் பெயர், அளவு, தேதி எல்லாம் அழகாகத் தெரியும். திறந்தால்தான் சாம்பல் பட்டை. அந்தக் கல்யாணம் எடுத்த கேமரா கார்டை நீ அழித்துவிட்டாயா? அழிக்கவில்லை என்றால் இன்றைக்கே அதிலிருந்து 4 டிபிக்கு மறுபடி காப்பி எடு. அழித்திருந்தால் அந்தக் கார்டில் புதிதாக ஒரு படம்கூட எடுக்காமல் தனியே வை, மீட்டுப் பார்க்கலாம்.

பென்டிரைவில் திறக்கிற படங்களை வெளியே எடுத்த பிறகு அதைக் காலி செய்து, ஹெச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச நிரலை ஓட்டு. மேக்கில் எஃப்3. காலி இடம் முழுவதையும் 1 ஜிபி கோப்புகளால் நிரப்பி, திரும்பப் படித்து ஒப்பிடும். ‘16 டிபி’ நிரம்பும் வரை உட்கார வேண்டாம், 100 ஜிபி எழுதச் சொன்னாலே பெரும்பாலும் சாயம் வெளுத்துவிடும். புது 4 டிபியையும் ஒருமுறை முழுசாக ஓட்டிவிடு, ஆனால் படங்களை ஏற்றுவதற்கு முன். நொடிக்கு 150 எம்பி வேகம் என்றால் எழுத ஏழரை மணி நேரம், படிக்க அதே அளவு. கறுப்பு யுஎஸ்பி 2 துளையில் செருகினால் எழுதவே ஒரு நாளுக்கு மேல் ஆகும், நீல நிறத் துளையில் செருகு.

அப்புறம், வக்கீலுக்கு எடுத்து வைத்த பணத்தில் இன்னொரு 4 டிபி வாங்கு. அதே கடையில் வாங்கு, பாவம் அந்த மனுஷர். ஒன்றில் மட்டும் இருக்கிற கல்யாணம் எந்த நாளும் போகலாம். இரண்டாவதை ஸ்டுடியோவில் வைக்காமல் வீட்டில் வை.

இங்கே எல்லாரும் சுகம். அத்தைக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. உன் தங்கை மாமியார் சண்டை தீர்ந்ததா என்று விசாலாட்சி கேட்கிறாள்.

உன்,
முரளி

பி.கு: எக்ஸ்ஃபேட்டில் ஜர்னல், அதாவது செய்யப்போவதை முன்கூட்டியே குறித்துவைக்கும் பதிவேடு, கிடையாது. எழுதிக்கொண்டிருக்கும்போது வயரைப் பிடுங்கினால் அட்டவணையே குழம்பும். எஜெக்ட் கொடுத்துவிட்டு எடு. உன் கை எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும்.