அடிவாரத்தில் அப்பாவின் காமிக்ஸைக் காப்பாற்றிய அண்ணாவுக்கு

ஏற்காடு அடிவாரத்தில் போன ஞாயிறு மழைக்கு டீக்கடையில் ஒதுங்கியிருந்தீர்களே, பைண்டிங் வேலை என்று சொன்ன அண்ணா, இது உங்களுக்குத்தான். என் பை நனைந்து, உள்ளே அப்பா சேர்த்த முத்து காமிக்ஸ் எல்லாம் ஊறிப்போய், என்ன செய்வதென்று தெரியாமல் விழித்துக்கொண்டு நின்றேன். 1972இல் சிவகாசியிலிருந்து இரும்புக்கை மாயாவி என்ற சாகசக் கதையோடு ஆரம்பித்த வரிசை அது. இங்கிலாந்தில் வேலியன்ட் வார இதழில் வாரம் சில பக்கமாக வந்த அந்தத் தொடரை இங்கே முழுக்கதையாக ஒரே புத்தகத்தில் போட்டார்கள், அதுவும் மலிவான தாளில்.

டீக்கடைக்காரர் துண்டால் துடைக்க வந்ததைத் தடுத்தீர்கள். அப்புறம் யாரும் கேட்காமலே பக்கத்துக் கடையில் கோடு போடாத வெள்ளைத் தாள் வாங்கி வந்து, துருப்பிடித்த பின்களை நகத்தாலேயே நிமிர்த்தி எடுத்து, பக்கத்துக்குப் பக்கம் பொறுமையாகச் செருகினீர்கள். செய்தித்தாள் வைத்தால் மை ஒட்டும், வெயிலில் காட்டாதே, ஃபேன் காற்று போதும் என்று சொல்லிவிட்டு, நான் காசை நீட்டுவதற்குள் சேலம் பஸ்ஸில் ஏறிவிட்டீர்கள்.

எல்லாம் காய்ந்துவிட்டது அண்ணா. அட்டைகள் கொஞ்சம் நெளிந்திருக்கின்றன, அவ்வளவுதான். பின்னுக்குப் பதில் நூல் போட்டுத் தைக்கணும் என்கிறார் அப்பா, அந்த வேலையை உங்களிடம்தான் தரணுமாம். செவ்வாய்ப்பேட்டையா, அம்மாபேட்டையா, எங்கே இருக்கிறீர்கள்?