பச்சைக் கலவையும் பதினோரு கண்ணாடியும்

ஆத்தங்குடி

அன்புள்ள மாப்ளே,

பொங்கலுக்கு நீ போட்ட கடிதத்துக்கு ஆடியில் பதில் எழுதுகிறேன். திட்டுவதை நேரில் வந்து திட்டு. இங்கே எல்லாரும் சுகம். அம்மாவுக்கு முட்டிவலி அப்படியே இருக்கிறது. ரசம் மாமா பல் கட்டிவிட்டார், ஆனாலும் முறுக்கை ஊறவைத்துத்தான் தின்கிறார்.

எழுத வைத்தது வேறு விஷயம். வெட்கக்கேடு. உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்ல?

தரைக்கல் பட்டறையில் பெரியவர் இருந்த இடத்தில் இப்போது நான் நிற்கிறேன், தெரியும்தானே. கானாடுகாத்தானில் ஒரு பழைய வீட்டைச் சரிபண்ணுகிறார்கள். பட்டாலைக் கூடத்துத் தரையில் அங்கங்கே கல் உடைந்திருக்கிறது. அதே பூ, அதே பச்சையில் 600 கல் வேண்டும் என்றார்கள். நம்மிடம் ரெண்டு வருஷமாகப் பூ ஊற்றும் பெண் ஒருத்தி இருக்கிறாள். கண்ணாடிமேல் வைத்த அச்சுக்குள் கரண்டியால் கலர் விட்டால் பக்கத்து அறைக்கு ஒரு சொட்டுப் போகாது. அப்படி ஒரு கை. பச்சையை அவள் கலந்து வைத்திருந்தாள். எனக்கு அது ரொம்பக் கருத்தாற்போல் பட்டது. ஏம்மா இப்படி என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். எட்டுப் பேர் பார்க்க வாளியைத் தூக்கிக் கொட்டிவிட்டு நானே கலந்தேன்.

140 கல் ஊற்றினோம். மறுநாள் கண்ணாடியை விட்டுப் பிரிந்தபோது பளபளவென்றுதான் இருந்தது. தொட்டியில் ஊறிக் காய்ந்த பிறகு பார்த்தால் என் பச்சை வெளுத்து, கழுவிப்போட்ட கீரை மாதிரி கிடக்கிறது. நான் கொட்டுவதற்கு முன்னால் அவள் மாதிரிக்கு ஒரே ஒரு கல் ஊற்றியிருந்தாள். அதை எடுத்துப் பழைய கல்லுக்குப் பக்கத்தில் வைத்தேன். எது புதுசு என்று சொல்ல முடியவில்லை. ஈரத்தில் கருத்திருந்தால்தான் காய்ந்தபின் நிறம் நிற்கும் என்று எனக்குத் தெரியாதா? இதிலேயே கிடந்து நரைத்தவன். அன்றைக்குக் கண்ணை மறைத்தது என் நாற்காலிதான்.

கல் போனால் போகிறது, மாப்ளே. அன்றிலிருந்து அவள் எல்லாவற்றுக்கும் என்னைக் கேட்கிறாள். “அண்ணே, ஊத்தலாமா?” “அண்ணே, அச்சத் தூக்கலாமா?” “அண்ணே, கண்ணாடியத் தொடைக்கலாமா?” காதுக்கு மரியாதை மாதிரி இருக்கும், மரியாதை இல்லை. அவளைப் பார்த்து மற்றவர்களும் ஆரம்பித்துவிட்டார்கள். நான் சாப்பிடப் போனால் பட்டறையே நிற்கிறது.

அடுக்கின்மேல் சாய்ந்து நீ உடைத்த பதினோரு கண்ணாடி ஞாபகம் வந்தது. சிரிக்காதே. முதலாளி கத்திக்கொண்டு வந்தபோது பெரியவர் வெற்றிலையை மென்றபடியே, “நாந்தான் அங்க அடுக்கச் சொன்னேன்” என்றாரே! மறுநாள் அதே இடத்தில் மறுபடியும் உன்னையே அடுக்கவிட்டார். பழியை ஏற்றதைவிட அதுதான் எனக்குப் பெரிசாகத் தெரிகிறது. யாராவது வந்து கல்லைப் புகழ்ந்தால், “ஊத்துனவன் அந்தா நிக்கிறான், அவன்கிட்டக் கேளுங்க” என்பார். நமக்கோ நாக்கு ஒட்டிக்கொள்ளும். அவரைச் சாமியாக்கவில்லை. சனிக்கிழமைக் கூலியைத் திங்கட்கிழமை தருவதில் மனுஷன் மன்னன்.

பெட்டியடிப் பையன் கதையை எத்தனை தடவை சொல்லியிருப்பார்! வட்டிக்கடையில் பணப்பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வட்டி போடக் கற்ற பொடியன் அடுத்தாளாகி, மேலாளாகி, பர்மாவில் ஒரு கடையையே மூன்று வருஷம் நடத்துவான், முதலாளி ஊரில் இருப்பார், கப்பலில் வரும் கடிதம்தான் கண்காணிப்பு என்று. நாம் பாதியில் தூங்கிவிடுவோம். இப்போது யோசித்தால், எல்லாம் பெரிய மனசு என்று சொல்லிவிட முடியாது. நடுவில் கடல் கிடந்தது, நம்பித்தான் ஆகணும். எனக்கும் அந்தப் பெண்ணுக்கும் நடுவில் பத்தடி. போதாததற்குப் போனில் கேமரா வேறு. கடலுக்கு எங்கே போவேன்?

மகளைக் கல்லூரியில் விடப் போகும்போது தினமும் காரைக்குடி மின்வேதியியல் ஆராய்ச்சிக்கூடம் சிக்ரியின் வாசலைத் தாண்டுகிறேன். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்சமும் கொடுத்தது, 1948 ஜூலை 25இல் நேரு வந்து அடிக்கல் நாட்டியது எல்லாம் நாம் கட்டுரை எழுதியே தேய்த்த சங்கதி. நேற்றுத்தான் வேறு மாதிரி உறைத்தது. அவ்வளவும் கொடுத்தவர், உள்ளே போய் “தள்ளு, அமிலத்த நான் கலக்குறேன்” என்று நிற்கவில்லை. படித்தவர்கள் கையில் விட்டுவிட்டார். நான் ஒரு வாளிப் பச்சையை விடமாட்டேன் என்கிறேன்.

மன்னிப்புக் கேட்டுவிட்டேன். எட்டுப் பேர் முன்னால் கொட்டியதை எட்டுப் பேர் முன்னால்தானே சொல்லணும்? டீ நேரத்தில் சொன்னேன். “பரவாயில்லண்ணே” என்றாள். கொஞ்சம் பொறுத்து, “அண்ணே, கிளாஸக் கழுவலாமா?” எல்லாரும் சிரித்தார்கள். கேலியா நிஜமா என்று இன்னும் பிடிபடவில்லை. கேலியாக இருக்கணும் என்று குன்றக்குடி முருகனுக்கு வேண்டியிருக்கிறேன்.

சனிக்கிழமை வீட்டுக்காரர்கள் கல் பார்க்க வருகிறார்கள். அவளே காட்டட்டும், அவளே பேசட்டும் என்று சொல்லிவிட்டு நான் மலைக்குப் போகிறேன். போன் வீட்டில் இருக்கும். எத்தனையாவது படியில் திரும்பி ஓடிவருவேன் என்று ரசம் மாமா பந்தயமே கட்டிவிட்டார்.

இன்னொன்று. அந்தப் பதினொன்றில் நாலு என் கைவேலை. நீ சாய்ந்த சத்தத்தோடு சத்தமாகப் போய்விட்டது, நானும் வாயைத் திறக்கவில்லை. பெரியவருக்குத் தெரிந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். யார் எத்தனை என்று அவர் கேட்கவே இல்லையே!

தங்கச்சிக்குச் சீப்புச்சீடை அனுப்பியிருக்கிறேன். உடையாமல் வந்து சேர்ந்ததா என்று எழுது.

உன்
மச்சான்